பெரிய நாயும் தெருவிலுள்ள சின்ன நாய்களும்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

வீட்டில் முப்பது கிலோ லாப்ரடாரோ ராஜபாளையமோ ஜெர்மன் ஷெப்பர்டோ இருந்தால், எதிர்வீட்டு ஐந்து கிலோ பொமரேனியனிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பது நம் பொறுப்பு. யார் முதலில் குரைத்தது, யார் மேல் தப்பு என்பதெல்லாம் அப்புறம். இரண்டுக்கும் ஒரே அளவு கோபம் வந்தாலும் காயம் ஒரு பக்கம்தான் விழும். பெரிய நாய் ஒரு தடவை கவ்வி உதறினால் சின்னதின் விலா எலும்பு உடையலாம், நுரையீரல் கிழியலாம். கடிக்கக்கூட வேண்டாம், விளையாட்டாக முன்னங்காலைத் தூக்கி முதுகில் போட்டாலே டாஷண்ட் மாதிரி நீள முதுகு நாய்க்குத் தண்டுவடத்தில் அடிபடக் கூடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் தூரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர் பெரிய நாயின் கயிற்றைப் பிடித்திருப்பவர்தான். இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போவது இந்தத் தூரத்தில்தான்.

நம் பக்கத்தில் அதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பழைய தெருக்களில் திண்ணை தெருவோடு ஒட்டியிருக்கும், வீட்டுக்கு வீடு பொதுச்சுவர், நடுவில் ஒரு டிராக்டர் வந்தாலே ஒதுங்க இடமில்லை. ஊரைத் தாண்டினால் வாய்க்கால் கரை, அதையும் தாண்டினால் வரப்பு. யூடியூபில் காட்டும் பயிற்சியெல்லாம் அகலமான புல்வெளியில் எடுத்தது, அதை அப்படியே இங்கே செய்ய முடியாது.

உங்கள் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் தலைப்பு பிரித்திருக்கிறேன். உங்கள் நாய்க்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும், ஆனால் முதல் இரண்டை எல்லோரும் படித்துவிடுங்கள்.

இப்போதே சண்டை நடந்துகொண்டிருக்கிறது

நடுவில் கையை விடாதீர்கள். அந்த நேரத்தில் நாய்க்கு எது யாருடைய கை என்று தெரியாது. வாசல் தெளிக்க வைத்திருக்கும் வாளித் தண்ணீரை இரண்டின் முகத்திலும் ஊற்றுங்கள், பல சண்டைகள் அதிலேயே விட்டுவிடும். இல்லையென்றால் பலகை, பெரிய தட்டு, விரித்த குடை, கோணிச் சாக்கு, கையில் கிடைத்ததை இரண்டுக்கும் நடுவே இறக்குங்கள்.

பெரிய நாய் கவ்விக்கொண்டு விடவில்லை என்றால் கவனம். அந்த நிலையில் இழுத்தால் சின்ன நாயின் தோலும் சதையும் சேர்ந்து கிழியும். பெரிய நாயின் பின்பக்கம் போய், இரண்டு பின்னங்கால்களையும் தொடையோடு சேர்த்துப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கி, இழுக்காமல் அப்படியே பிடித்திருங்கள். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் ஊற்றட்டும். வாய் திறந்த நொடியில் வேகமாகப் பின்னால் நடந்து, உடனே ஒரு கேட்டுக்கோ கதவுக்கோ அந்தப் பக்கம் தள்ளி மூடுங்கள். விட்டுவிட்டால் திரும்ப ஓடி வரும். கம்பால் அடிப்பதும் கூட்டமாகக் கத்துவதும் பிடியை இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

அப்புறம் சின்ன நாயைப் பாருங்கள். ரோமத்துக்குள் இரண்டு சின்ன ஓட்டைதான் தெரியும், ரத்தமே வராமல்கூட இருக்கலாம், ஆனால் தோலுக்கு அடியில் சதை கிழிந்து கிடக்கும். நடக்கிறதே, தண்ணீர் குடிக்கிறதே என்று மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது. ஈறு வெளுத்திருந்தாலோ, மூச்சு மேலும் கீழும் வாங்கினாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ கடி விழுந்திருந்தாலோ அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், பலகையிலோ மடித்த போர்வையிலோ சமமாகப் படுக்கவைத்துக் கொண்டு போங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகம் மூடியிருந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்து கேளுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பெரிய காயத்துக்கு அங்கே போகலாம்.

விலக்கப் போன மனிதருக்குப் பல் பட்டிருந்தால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ரேபிஸ் தடுப்பூசியை ஆரம்பித்து, சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். அங்கே இலவசம். வீட்டு நாயைத் தெருநாய் கடித்திருந்தால், அதற்கு ஏற்கெனவே வருடாந்தர ஊசி போட்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டி மறுபடி போடச் சொல்லிக் கேளுங்கள்.

சின்ன நாயின் வைத்தியச் செலவை அவர்கள் கேட்கும் முன்பே நாம் ஏற்றுக்கொள்வதுதான் முறை. வளர்ப்புப் பிராணியால் மனிதருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக இருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று இருக்கிறது. அதையும் தாண்டி, அடுத்த இருபது வருடம் அதே தெருவில்தான் முகம் பார்க்கப் போகிறோம்.

இவ்வளவு நாள் சாதுவாக இருந்தது, திடீரென்று சீறுகிறது

பயிற்சியை மறந்துவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள். வலி இருக்கும் நாய் சின்ன நாயைக் கிட்டே விடாது. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு வலி சகஜம், மழைக்காலத்தில் காதுக்குள் புண் வரும், உண்ணிக் காய்ச்சலில் உடம்பெல்லாம் வலிக்கும், வயசானதுக்குக் கண் மங்கும். காலடியில் ஒரு சின்ன நாய் வந்து மோதும்போது இது கடிப்பது வலியால்.

வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அந்த ஜாதியில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு. அது தூங்கும்போது பின்னாலிருந்து ஒரு தட்டைத் தட்டினால் தெரிந்துவிடும். கூப்பிட்டால் திரும்பாதது அடம் என்று நினைத்து அடித்துக்கொண்டிருப்பார்கள் பாவம், அதற்குக் காதே கேட்காது. அப்படியான நாயைக் கை ஜாடையில் பழக்கலாம், ஆனால் தெருவில் ஒருநாளும் அவிழ்த்து விடக் கூடாது.

தூரத்தில் பார்த்தவுடனே விறைத்து நின்று கண் எடுக்காமல் பார்க்கிறது

இதைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாய்ச்சலும் குரைப்பும் வரும் முன் சில நொடிகள் இந்த நிலை இருக்கும்: வாய் மூடிக்கொள்ளும், மூச்சிரைப்பு நின்றுபோகும், காது முன்னால் வரும், எடை முன்னங்காலுக்கு மாறும், வால் மேலே நின்று இறுகும், சில நாய்க்குத் தோளிலிருந்து வால் வரை முடி சிலிர்க்கும். கூப்பிட்டால் காதுகூட அசையாது.

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தூரம் இருக்கிறது. அதற்கு வெளியே இருந்தால் சின்ன நாயைப் பார்க்கும், நம்மையும் பார்க்கும், கையில் கொடுப்பதைத் தின்னும். அதற்குள்ளே போய்விட்டால் ஈரலை மூக்கில் தேய்த்தாலும் தெரியாது. சில நாய்க்கு அது பத்தடி, சிலதுக்கு நூறடி. உங்கள் நாய் தின்ன மறுக்கும் இடம்தான் எல்லை, அதிலிருந்து நாலைந்து எட்டு பின்வாங்கி நின்று அங்கேதான் பழக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சின்ன நாய் கண்ணில் பட்டதும், உங்கள் நாய் அதைப் பார்த்த அந்தக் கணமே, "சரி" மாதிரி ஒரே ஒரு சொல்லைச் சொல்லி வாயில் ஒரு ஈரல் துண்டு போடுங்கள். பார்க்கும், துண்டு. மறுபடி பார்க்கும், துண்டு. சின்ன நாய் மறைந்ததும் துண்டும் நின்றுவிட வேண்டும். இப்படி நாள்கணக்கில் செய்தால், சின்ன நாய் தெரிந்ததும் அது தானாக நம் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கும். அதுவரை ஓரடிகூடக் கிட்டே போகாதீர்கள். வேகவைத்த கோழி ஈரலோ கோழிக்கறியோ கடலைப் பருப்பு அளவுக்கு வெட்டி எடுத்துப் போனால் போதும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பிஸ்கட் வீட்டுக்குள் சரி, தெருவில் அதற்கு மதிப்பில்லை.

தெரு குறுகல், தூரத்துக்கு எங்கே போவது என்றால், மறைப்பைப் பயன்படுத்துங்கள். நிற்கும் கார், லோடு ஆட்டோ, கோயில் மதில் மூலை, ஒரு சந்து. நாய் பார்க்க முடியாத இடம் என்பது தூரத்துக்குச் சமம்தான். அதோடு "திரும்பு" என்று சொன்னதும் உங்களோடு வட்டமடித்து எதிர்ப்பக்கம் நடக்க வீட்டு முற்றத்திலும் களத்திலும் எந்த நாயும் இல்லாதபோது நன்றாகப் பழக்கிவிடுங்கள். பதற்றம் வந்த பிறகு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது.

கயிற்றில் இருந்தால் குரைக்கிறது, அவிழ்த்தால் ஒன்றும் செய்வதில்லை

இதைச் சொல்பவர்கள் நிறையப் பேர். கயிறு இழுபட்டவுடன் கழுத்தில் பிடி இறுகுகிறது, மோந்து பார்க்கப் போக முடியவில்லை, விலகி ஓடவும் முடியவில்லை, அந்த எரிச்சல்தான் குரைப்பாக வருகிறது. நாமும் எதிரே நாயைப் பார்த்ததும் பயந்துபோய்க் கயிற்றைக் கையில் சுற்றி இறுக்குகிறோம், அது நாய்க்கு "ஏதோ வருது" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் சுண்டி இழுப்பதும் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். சின்ன நாய் தெரிந்தால் கழுத்து வலிக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகச் சீறும்.

கனமான இரும்புச் சங்கிலியை விடுங்கள். நெஞ்சில் முன்வளையம் வைத்த ஹார்னஸும் (உடம்பைச் சுற்றி மாட்டும் வார்) ஐந்தாறு அடி நாடாக் கயிறும் போதும், இழுத்தால் நாயின் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும், வயசானவர்கூடப் பிடிக்கலாம். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் கயிறு பெரிய நாய்க்கு ஆபத்து. இன்னொன்று, நேருக்கு நேர் நடத்திப் போகாதீர்கள். இரண்டு நாய்கள் இயல்பாகச் சந்தித்தால் வளைந்துதான் வரும். தெருவின் அந்த ஓரத்துக்கு மாறி, நடுவில் நாம் இருக்கும்படி, கயிறு லேசாகத் தொங்கத் தொங்கக் கடந்து போகலாம்.

அவிழ்த்தால் ஒன்றும் செய்யாது என்பதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று தெருவில் அவிழ்க்காதீர்கள், தோற்றால் அடி வாங்கப் போவது மற்றவர் வீட்டு நாய்.

விளையாடத்தான் போகிறது, ஆனால் சின்னது கத்துகிறது

எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரையுள்ள லாப்ரடார்தான் பெரும்பாலும் இந்தத் தலைப்புக்கு வரும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, ஆனால் தன் உடம்பு எவ்வளவு பெரிசு என்று அதற்குத் தெரியாது.

விளையாட்டா இல்லையா என்பதைப் பெரிய நாயைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சின்ன நாயைப் பாருங்கள். வால் இடுக்கில் போயிருக்கிறதா, தலையைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்குகிறதா, கொட்டாவி விடுகிறதா, கண்ணின் வெள்ளை தெரிகிறதா, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் நுழைகிறதா? அப்படியென்றால் அதற்கு இது விளையாட்டு இல்லை. சந்தேகம் வந்தால் பெரியதைப் பிடித்து நாலடி தள்ளி நிறுத்துங்கள். சின்னது தானாகத் திரும்பி வந்து முன்னங்காலை நீட்டிக் குனிந்து கூப்பிட்டால் விடலாம். வராவிட்டால் அன்றைக்கு அதோடு சரி.

முதல் அறிமுகத்தில் முகத்தோடு முகம் வேண்டாம், பின்பக்கம் மோந்து பார்க்கட்டும், மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணி "வா" என்று கூப்பிட்டு விலக்கி ஒரு துண்டு கொடுங்கள். எல்லாம் நன்றாகப் போகும்போதே நிறுத்த வேண்டும். காலைத் தூக்கி மேலே போடுவது, தாடையைச் சின்னதின் முதுகில் வைப்பது, ஏறப் பார்ப்பது, இதில் எது வந்தாலும் விலக்கிவிடுங்கள், சின்னது எதிர்ப்புக் காட்டும் வரை காத்திருக்க வேண்டாம். நல்ல விளையாட்டில் நடுநடுவே இரண்டும் தானாக நிற்கும், துரத்துவதும் ஓடுவதும் மாறி மாறி வரும். ஒன்றே துரத்திக்கொண்டும் ஒன்றே ஓடிக்கொண்டும் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஓடுகிற சின்ன நாயைக் கண்டால் சத்தமில்லாமல் துரத்துகிறது

எனக்கு இதில்தான் பயம் அதிகம். குரைக்கிற நாய் "தள்ளிப் போ" என்கிறது. இது குரைப்பதில்லை, தலையைத் தாழ்த்தி, உடம்பை நீட்டி, பார்வையைக் குத்தி வைத்துப் பதுங்கி நகரும். இது கோபமே இல்லை, வேட்டைப் புத்தி. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் தெற்கே முயலுக்கும் காட்டுப்பன்றிக்கும் வேட்டைக்கு வைத்திருந்த நாய்கள். வீட்டில் குழந்தையோடு குழந்தையாகப் படுத்திருக்கும் நாய்க்குள்ளும் அது இருக்கிறது. சின்ன நாய் பயந்து கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால், விளையாட்டாக ஆரம்பித்த துரத்தல்கூட நடுவில் வேட்டையாக மாறிவிடும்.

இதைப் பயிற்சியால் முழுசாகப் போக்க முடியாது, நம்பாதீர்கள். கயிறு, உறுதியான கேட், வெளியே போகும்போது வாய்க்கூடை, இந்த மூன்றும் அதன் ஆயுள் முழுக்க வேண்டும்.

வாய்க்கூடையைக் கடையில் மசில் என்று கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் எதைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வாயை இறுக்கி மூடிவிடும் துணிப்பட்டை மசில் ஊசி போடும் சில நிமிடத்துக்குத்தான். நாய்க்கு உடம்புச் சூடு பெரும்பாலும் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைப்பதில்தான் குறைகிறது, அக்கினி நட்சத்திரத்தில் வாயை மூடிக் கட்டி நடத்தினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை வடிவம்தான் வேண்டும். முதல் நாளே மாட்டி இழுத்துப் போகாதீர்கள். கூடைக்குள் ஈரலைப் போட்டு நீட்டினால் மூக்கை அதுவே உள்ளே விடும். ஒரு வாரம் அப்படியே விட்டு, அப்புறம் வாரை ஒரு நொடி மாட்டிக் கழற்றி, அப்புறம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், அப்புறம்தான் தெரு. "ஐயோ, கடிநாயா?" என்று தெருவில் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

சின்ன நாய்தான் வந்து வம்பு பண்ணுகிறது

எங்கள் எதிர்வீட்டு ஜிம்மி பொமரேனியன், வயசு ஆகிவிட்டது, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு யார் போனாலும் குரைக்கும். என் வீரன் ராஜபாளையம். ஜிம்மி திண்ணையை விட்டு இறங்கிக் கணுக்காலைக் கவ்வ வரும்போது பெரியது எத்தனை நாள் பொறுக்கும்? ஆகவே நாயைப் பழக்குவதற்கு முன்னால் ஆளோடு பேசினேன், பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் போனது.

"அக்கா, காலையில ஆறு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் இவனக் கூட்டிட்டுப் போவேன். அந்த நேரத்துல மட்டும் ஜிம்மிய உள்ள வச்சுக்கிறீங்களா?"

"அது சும்மா குரைக்கும் தம்பி, ஒண்ணும் பண்ணாது."

"ஜிம்மி ஒண்ணும் பண்ணாதுக்கா. இவன் ஏதாவது பண்ணிட்டா என்னக்கா செய்யிறது? அதான் பயமா இருக்கு."

உங்கள் நாயைக் கட்டுங்கள் என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். நம் நாயால் உங்கள் நாய்க்கு ஆபத்து என்று நாமே சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. நேரத்தைச் சொல்வது முக்கியம், எல்லா நேரமும் கட்டி வையுங்கள் என்றால் யாராலும் முடியாது.

அப்புறம் அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். பெரிய நாய் கிட்டே வந்த பிறகு சின்னதைச் சட்டென்று மேலே தூக்காதீர்கள். உயரே போகிற பொருளைப் பிடிக்கப் பெரிய நாய் எகிறும், தூக்கியவர் முகத்தில்கூடப் பல் படும். தூக்குவதென்றால் தூரத்தில் வரும்போதே அமைதியாகத் தூக்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும்.

அதையும் மீறி இறங்கி வந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே நீங்கள் நின்று, கை நிறையத் துண்டுகளைச் சின்ன நாயின் முன்னால் தரையில் வீசுங்கள். அது பொறுக்கிக்கொண்டிருக்கும்போது "திரும்பு".

தெருநாய்க் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது

தெருநாய்க்குத் தன் தெரு எல்லை, அதில் ஒரு புதுப் பெரிய நாய் வருவது பிடிக்காது. தனித்தனியாக வம்புக்கு வராதவைகூட நாலைந்து சேர்ந்தால் வரும். ஓடாதீர்கள், உங்கள் நாயையும் ஓட விடாதீர்கள், அவற்றின் கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, உங்கள் நாயைச் சுவர் ஓரமாக வைத்து, வந்த வழியே மெதுவாக வெளியேறுங்கள், எல்லையைத் தாண்டியதும் அவை நின்றுவிடும். கையில் கம்பு இருந்தால் தரையில் தட்டலாம், வீச வேண்டாம்.

முன்கூட்டியே தவிர்க்க வேண்டிய இடங்கள் உண்டு. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துப் பின்பக்கம், எச்சில் இலை விழும் இடத்தில் எல்லா நாயும் கூடியிருக்கும், சாப்பாட்டுக்கு முன்னால் அமைதியான நாயும் சண்டை போடும். கறிக்கடை, மீன் கடை வாசலும் அப்படியே. மழைக்காலத்தை ஒட்டிப் பெட்டைகள் பருவத்துக்கு வரும்போது ஆண்கள் கூட்டமாகத் திரியும், அடுத்த இரண்டு மாதத்தில் குட்டி போட்ட தாய்கள் வைக்கோல் போருக்கு அடியிலும் பாலத்துக்கு அடியிலும் இருக்கும். குட்டிக்காரி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நேராக மேலே வந்து விழுவாள், அந்த வழியையே இரண்டு மாதம் விட்டுவிடுங்கள்.

காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை செய்து ஊசி போட்டு விட்ட நாய். உங்கள் தெருவில் எத்தனைக்கு அந்த வெட்டு இல்லை என்று பார்த்து நகராட்சியிலோ ஊராட்சியிலோ சொல்லுங்கள். கூட்டம் கூட்டமாகச் சண்டை போடுவது அதில் உண்மையாகவே குறையும்.

வரப்பில், வாய்க்கால் கரையில் எதிரே ஒன்று வந்துவிட்டது

குறுவை நடவு சமயத்தில் இரண்டு பக்கமும் சேற்றுத் தண்ணீர், நடுவில் ஓரடி வரப்பு. ஒதுங்க முடியாது, சுற்றிப் போக முடியாது. இங்கே "திரும்பு" என்று வட்டமடிக்கவும் இடமில்லை, ஆகவே "பின்னால" என்று சொன்னால் முகத்தை முன்பக்கமே வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கப் பழக்க வேண்டும். வீட்டுக்குள் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள சந்தில் நிறுத்தி, நாம் அதன் நெஞ்சுக்கு நேராக ஒரு எட்டு எடுத்து வைத்தால் அது பின்னால் நகரும், நகர்ந்ததும் துண்டு. ஒரு எட்டு, இரண்டு எட்டு, அப்புறம் பத்து.

நடவு ஆட்களோடு ஒரு சின்ன செவலை நாய் வரும், தூக்குச் சட்டிகளுக்குக் காவல். ஒருநாள் வரப்பின் அந்த முனையில் அது எழுந்து நின்றது. வீரன் வலது முன்னங்காலை மடக்கித் தூக்கினான், வால் முதுகுக்கு நேராக வந்தது, மூக்கு நுனி மட்டும் ஆடியது. "பின்னால" என்றேன். கால் கீழே இறங்க ஒரு மூச்சு நேரம் ஆனது. இறங்கியதும் ஒரு எட்டு பின்னால் வந்தான், ஈரல் துண்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இன்னொரு எட்டு. மோட்டார் கொட்டகை வரை அப்படியே வந்து, கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்றோம். நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏ செவலை, இங்க வா" என்று கூப்பிட, அது போய்விட்டது.

வரப்புக்குக் கூட்டிப் போகிறவர்கள் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் வருடா வருடம் போட்டுவிடுங்கள், வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். இருட்டிய பிறகு வரப்பே வேண்டாம், கண்ணாடி விரியன் இருக்கும் ஊர் இது.

கேட்டுக்கு உள்ளேயிருந்து போகிற வருகிறதையெல்லாம் குரைக்கிறது

குரைத்தது, சின்ன நாய் போய்விட்டது, ஆக நான்தான் விரட்டினேன் என்று நாளைக்கு இருபது தடவை கற்றுக்கொள்கிறது. கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ தென்னங்கீற்றுத் தட்டியாலோ மறைத்துவிடுங்கள். சின்ன நாய் மூக்கை நீட்டும் இடைவெளியையும் அடையுங்கள், மூக்கு கடிபடுவது அங்கேதான். நாயைக் கொல்லைப் பக்கம் மாற்றிக் கட்டினால் இன்னும் நல்லது, ஆனால் நாள் முழுக்கக் கட்டியே வைக்காதீர்கள், அது இருக்கிற எரிச்சலைக் கூட்டும்.

பெண் நாய் பருவத்தில் இருக்கிறது

பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வாரம் போல இருக்கும். அந்த மூன்று வாரமும் தெருவுக்கு வேண்டாம், மொட்டை மாடி போதும். குட்டி வேண்டாமென்றால் கருத்தடை செய்துவிடுங்கள். ஆண் நாய்க்குச் செய்தால் திரிவதும் மற்ற ஆண்களோடு மோதுவதும் பலதுக்குக் குறையும், ஆனால் வேட்டைப் புத்தியும் பயத்தில் வரும் சீற்றமும் அதனால் போகாது.

கொஞ்சம் சரியாகிவிட்டது, இனி பழக விடலாமா

சின்ன நாயைப் பார்த்ததும் உடம்பு தளர்வாக இருந்து, தானாக உங்கள் பக்கம் திரும்புகிறது என்றால், இரண்டையும் சேர்த்து நடத்தலாம். ஆற்றங்கரைச் சாலை மாதிரி அகலமான இடமாகப் பாருங்கள். அவரவர் நாய் அவரவர் கையில், ஒரே திசையில், நடுவில் முப்பது நாற்பது அடி விட்டு, இரண்டு ஆளும் உள்பக்கம், நாய்கள் வெளிப்பக்கம். நடந்துகொண்டே இருக்க வேண்டும், நின்று பேசக் கூடாது. நாளுக்கு நாள் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒருநாள் விறைத்தால் மறுநாள் பழைய தூரத்துக்குப் போய் ஒரு வாரம் அங்கேயே இருங்கள், அது தோல்வி இல்லை, அன்றைக்கு வெயிலோ பட்டாசுச் சத்தமோ ஏற்கெனவே அதைப் படுத்தியிருக்கலாம்.

ஏற்கெனவே ஒரு நாயைக் கவ்வி உதறிய நாய் என்றால் இந்தக் கடைசிப் பகுதி உங்களுக்கு இல்லை. அதற்குச் சின்ன நாய்களோடு நட்பு தேவையே இல்லை. காலையில் தெரு எழும் முன் ஒரு நடை, நல்ல கேட், வாய்க்கூடை, வீட்டுக்குள் மோந்து தேடுகிற மாதிரி ஏதாவது வேலை, இவ்வளவு இருந்தால் அது நிம்மதியாக இருக்கும், தெருவும் நிம்மதியாக இருக்கும்.